கோட்டை நிலையத்தில் ஏறி மெய்யான கோட்டைக்குப் போவது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் வசிக்கும் நாம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது 'கோட்டை' என்கிறோம். கோட்டையில் இறங்கு, கோட்டையில் பஸ் மாறு, கோட்டை நிலையத்தில் ரயில் எடு. பக்கத்திலேயே புறக்கோட்டை வேறு இருக்கிறது. ஆனால் அங்கே நின்று சுற்றிப் பார்த்தால் மதிலும் தெரியாது, அகழியும் தெரியாது. 1656 மே மாதம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்து, தங்கள் முறையில் திருத்திக் கட்டிய கொழும்புக் கோட்டையின் மதில்களை 1869க்கும் 1871க்கும் இடையில் ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். மதிலுக்கு வெளியே வளர்ந்த ஊர் என்ற பொருளைப் 'புறக்கோட்டை' என்ற தமிழ்ச் சொல் மட்டும் இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது.

எனவே எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கோட்டை எப்படி இயங்கியது என்று காட்டத் தென் கரைக்குத்தான் கூட்டிப் போகவேண்டும். பாடசாலைகளும் அறநெறி வகுப்புகளும் சனசமூக நிலையங்களும் விடுமுறை தோறும் காலிக்குப் போகத்தான் செய்கின்றன. குறை பயணத்திட்டத்தில் இருக்கிறது. ஆமைப் பண்ணை, கடற்கரை, கடைத்தெரு என்று ஏழெட்டு இடங்களை அடுக்கி, கோட்டைக்கு முக்கால் மணித்தியாலம் ஒதுக்குகிறார்கள். பிள்ளைகள் வெளிச்சவீட்டின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். அந்த மதிலுக்குள் என்ன வைக்கப்பட்டிருந்தது, யாருக்குப் பயந்து அதைக் கட்டினார்கள், ஏன் அந்த வடிவத்தில் கட்டினார்கள் என்ற மூன்று கேள்விக்கும் விடை இல்லாமலே வீடு திரும்புகிறார்கள். அடுத்த விடுமுறைக்குத் திட்டம் போடும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பக்கூடிய ஒரு வழியை இக்கடிதத்தில் சொல்ல விரும்புகிறோம். இரண்டு ஊர் மட்டும் போதும்: காலையில் மாத்தறை, பிற்பகலில் காலி. மூன்றாவதாக எதையும் சேர்க்கக்கூடாது.

முதலில் மாத்தறைக்குப் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காலிக் கோட்டை பெரியது. 1988 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கும் ஒரு முழு நகரம் அது. முதலில் அதைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு எதை எங்கே பொருத்துவது என்று பிடிபடாது. மாத்தறையின் நட்சத்திரக் கோட்டை கைக்குள் அடங்கும் அளவு சிறியது. அரை மணித்தியாலத்தில் ஒவ்வொரு உறுப்பையும் தொட்டுக் காட்டிவிடலாம். அங்கே அரிச்சுவடி படித்துவிட்டுப் போனால் காலி தானாகவே விளங்கும்.

பயணம் பற்றி. நாற்பது பிள்ளைகள் என்றால் தெற்கு அதிவேகப் பாதைதான் வசதி. கொட்டாவையில் ஏறி மாத்தறைக்குக் கொடகம வெளியேறும் இடத்தில் இறங்கலாம். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தியும் எட்டரைக்கு முன் சேர்ந்துவிடலாம். தனிக் குடும்பமாகப் போகிறவர்கள் ரயிலில் போவதே நல்லது. கோட்டை நிலையத்திலிருந்து காலி சுமார் 116 கிலோமீற்றர், மாத்தறை சுமார் 158. தெற்கு நோக்கிப் போகும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் கடல் கூடவே வரும். காலி நிலையத்தில் தண்டவாளம் முடிந்துவிடுவதால் ரயில் வந்த வழியே திரும்பித்தான் மாத்தறைக்குப் போகவேண்டும். முன்னோக்கி உட்கார்ந்திருந்தவர்கள் அதற்குப் பிறகு பின்னோக்கிப் போவார்கள். பிள்ளைகளில் யாருக்காவது ரயிலில் தலைசுற்றும் வழக்கம் இருந்தால் காலியில் ஆசனத்தை மாற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையையும் நீண்ட விடுமுறையின் முதல் நாளையும் தவிர்த்தால் ரயிலில் நிற்கவேண்டியில்லாமல் உட்கார்ந்து போகலாம். அரும்பொருட்சாலைகளின் திறப்பு நேரத்தையும் விடுமுறை நாளையும் இரண்டு நாள் முன்னதாகத் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்திவிட்டு, அதிபரின் கடிதம் ஒன்றையும் கையில் வைத்திருக்கவேண்டும். வாசலில் போய் நின்று பூட்டைப் பார்ப்பதுதான் இப்படிப்பட்ட பயணங்களில் அடிக்கடி நடக்கும் விபத்து.

இனி மாத்தறை. நில்வளா கங்கை கடலில் விழும் இடத்தில், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நிலத்துண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கழுத்தை ஒரு மதிலால் மறித்துவிட்டால் உள்ளே இருப்பது கோட்டையாகிவிடும். மாத்தறைப் பெரிய கோட்டை அப்படிப்பட்டதுதான். மதில் ஒரு பக்கத்துக்கு, மீதிக் காவல் தண்ணீருக்கு. இதற்குள்தான் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் உத்தியோகத்தர்கள் இருந்தார்கள். தென்னிலங்கைக் காடுகளில் பிடிபட்ட யானைகளுக்கு மாத்தறை ஒரு பெரிய மையமாக இருந்தது. எங்கள் வாசகர்கள் கவனிக்கவேண்டிய செய்தி இதில் இருக்கிறது. அந்த யானைகளில் பல கரையோரமாகவே வடக்கே நடத்திச் செல்லப்பட்டு யாழ்ப்பாணத்தில் விற்கப்பட்டன. வாங்கியவர்கள் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்த வியாபாரிகள். மாத்தறைக் காட்டு யானை ஊர்காவற்றுறையில் கப்பலேறியது என்றால், இந்த இரண்டு ஊர்களையும் ஒரே கணக்குப் புத்தகம் கட்டி வைத்திருந்தது என்று அர்த்தம். பாக்கும் இதே கடலால் தமிழ்நாட்டுக் கரைக்குப் போனது. அங்கிருந்து துணியும் அரிசியும் வந்தன.

கடற்கரை கம்பனிக்கு, மலைநாடு கண்டி அரசனுக்கு. இரண்டுக்கும் நடுவே இருந்த எல்லையில் பண்டம் கீழே இறங்கியது, உப்பும் கருவாடும் மேலே ஏறின. கறுவா உரிக்கும் மக்களின் மேலும் காணியின் மேலும் கம்பனி கைவைத்தபோது அந்த எல்லை பற்றி எரிந்தது. 1760இல் தொடங்கிய கிளர்ச்சியைத் தொடர்ந்து, 1761இல் கண்டிப் படை மாத்தறைக் கோட்டையைப் பிடித்துவிட்டது. அப்போது கண்டியில் ஆட்சி செய்தவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரைத் தொடர்புள்ள நாயக்கர் வம்சத்தவர். அடுத்த ஆண்டில்தான் ஒல்லாந்தரால் அதைத் திரும்ப எடுக்க முடிந்தது. கடலையே பார்த்துக்கொண்டிருந்த கோட்டைக்கு ஆற்றுப் பக்கத்தில் காவல் போதவில்லை என்ற பாடத்தை அவர்கள் கற்றார்கள். அந்தப் பாடத்தைக் கல்லில் எழுதியதுதான் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நட்சத்திரக் கோட்டை. 1763இல் வேலை தொடங்கி 1765இல் முடிந்தது. கட்டுவித்த ஆளுநர் வான் எக்கின் பெயர் வாயிலின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் 1765 தொடக்கத்தில் கண்டி நகருக்குள்ளேயே படையோடு நுழைந்தார். அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கொழும்பில் இறந்தார். 1766 பெப்ரவரியில் கண்டி அரசன் ஒப்புக்கொண்ட உடன்படிக்கையில் இலங்கையின் கரை முழுவதும் கம்பனியின் கைக்குப் போனது. தன் குடிமக்கள் உப்பு எடுக்கும் உரிமையைக்கூட அந்த உடன்படிக்கையில் எழுதி வாங்கவேண்டிய நிலை அரசனுக்கு வந்தது. ஒரு நாட்டை முற்றுகையிட உப்பை மறித்தாலே போதும் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் உடனே புரிந்துகொள்ளும். அந்த இடத்தில் நின்று இதைச் சொல்லுங்கள்.

நட்சத்திர வடிவத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும் முறை இது. முதலில் அகழியின் வெளிக்கரையிலேயே நிறுத்துங்கள், உள்ளே விடாதீர்கள். நேரான மதிலின் மேல் நிற்கும் காவலனுக்கு மதிலின் அடிவாரம் தெரியாது. எட்டிப் பார்த்தால் அவனைச் சுட்டுவிடுவார்கள். ஏணி கொண்டு வருகிறவனும் மதிலைத் தோண்ட வருகிறவனும் அந்தக் குருட்டு இடத்தில்தான் ஒதுங்குவான். மதிலை முனை முனையாக வெளியே தள்ளிக் கட்டிவிட்டால், ஒரு முனையில் நிற்பவன் அடுத்த முனையின் பக்கவாட்டையும் அடிவாரத்தையும் பார்த்துச் சுடலாம். இந்தக் கோட்டைக்கு ஆறு முனைகள், முனைக்கு இரண்டாகப் பன்னிரண்டு பெரிய பீரங்கிகளுக்கு இடம். ஒரு பிள்ளையை ஒரு முனைக்கு நேரே அகழிக்கரையில் நிறுத்தி, மற்றவர்களை உள்ளே மதில்மேல் ஏறி அவன் தெரிகிறானா என்று பார்க்கச் சொன்னால் போதும். படம் வரைந்து அரை மணி நேரம் விளக்குவதைவிட அது நன்றாகப் பதியும். பிறகு நுழைவாயிலின் அகலத்தைக் கையால் அளக்கட்டும். பாலம் ஒன்றுதான், வழி ஒன்றுதான். உள்ளே கிணற்றைத் தேடட்டும். முற்றுகையில் கோட்டையைக் காப்பது பீரங்கி என்று எல்லாரும் நினைப்போம். நல்ல தண்ணீர் இல்லாவிட்டால் பீரங்கி இருந்தும் பயனில்லை. ஆகவே கோட்டை கட்டுகிறவன் கிணற்றுக்கு நடு இடத்தைக் கொடுத்தான்.

பத்தரை மணிக்குள் மாத்தறையை முடித்துவிட்டு, சாப்பாட்டுப் பொதியையும் வழியில் முடித்துக்கொண்டு காலிக்கு வந்துவிடலாம். வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில் மதில்மேல் ஏறவே கூடாது. நிழல் கிடையாது, கல்லின் சூடு காலுக்கும் முகத்துக்கும் அடிக்கும். நண்பகல் நேரத்தைக் கூரையின் கீழ் செலவிடவேண்டும். அதற்கு ஏற்ற இடம் பழைய வாசல்.

பெரும்பாலான பஸ்கள் கிரிக்கெட் மைதானத்துக்கு எதிரே இருக்கும் பெரிய வாசலால் உள்ளே நுழைகின்றன. அது 1873இல் ஆங்கிலேயர் நிலப்பக்க மதிலை வெட்டித் திறந்த வழி. அதனால் நுழைந்தால் கோட்டையின் பொருளே தலைகீழாகிவிடும். துறைமுகப் பக்கமாகச் சுற்றி வந்து பழைய வாசலால் நடந்து நுழையுங்கள். வெளிப்புறம் ஆங்கிலேய அரசின் இலச்சினை இருக்கும். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கம்பனியின் இலச்சினை: இரண்டு சிங்கங்கள், கம்பனியின் பெயரெழுத்துகள், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. இரண்டையும் பார்த்துவிட்டு, தாங்கள் நடந்து வந்த இடம் எது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். நீண்ட பண்டகசாலைக் கட்டடத்தின் வயிற்றுக்குள்ளால்தான் வாசல் போகிறது. துறைமுகத்திலிருந்து நகருக்குள் வரும் எதுவும், நகரிலிருந்து கப்பலுக்குப் போகும் எதுவும், கிடங்கின் கண்ணுக்குத் தப்பாது. மதிலும் பீரங்கியும் அரசனுக்காகக் கட்டப்பட்டவை அல்ல, இந்தக் கிடங்குக்காகக் கட்டப்பட்டவை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் காட்டாது.

கிடங்கின் அரசி கறுவா. காட்டில் உரித்து உலர்த்திச் சுருட்டிய பட்டை கம்பனியிடம் மட்டுமே போகவேண்டும். களவாக உரித்தாலோ விற்றாலோ மரண தண்டனை வரை சட்டம் இருந்தது. தரம் பார்க்கும் வேலை கம்பனியின் மருத்துவர்களுக்கு. கட்டுக் கட்டாகப் பிரித்து மென்று பார்க்கவேண்டும். காரத்தில் நாக்கும் வாயும் தோலுரிந்துவிடும் என்பதால் இடையிடையே ரொட்டியும் வெண்ணெயும் தின்றார்கள். கப்பலில் ஏற்றும்போது கட்டுகளுக்கு நடுவில் மிளகைக் கொட்டி நிரப்பினார்கள். மிளகு ஈரத்தை இழுத்துக் கறுவாவைக் காக்கும், போய்ச் சேர்ந்ததும் மிளகையும் விற்கலாம். காட்டிலிருந்து பொறுக்குவதை விட்டுத் தோட்டம் போட்டு வளர்க்கலாம் என்று ஒல்லாந்தர் முயன்று பார்த்தது 1760களின் இறுதியில், மருதானையில். கொழும்பு 7ஐக் கறுவாத்தோட்டம் என்று நாம் அழைப்பது அந்தப் பயிரின் நினைவுதான். ஒரு கறுவாப் பட்டையைப் பையில் கொண்டுபோய்ப் பண்டகசாலைச் சுவருக்குக் கீழே நின்று பிள்ளைகளுக்கு உடைத்துக் கொடுங்கள். சின்னச் செலவு, பெரிய பாடம்.

இதே கட்டடத்தில் கடல்சார் அரும்பொருட்சாலை இருக்கிறது. அங்கே பார்க்கவேண்டியது அவொண்ட்ஸ்டர் என்ற கப்பலின் கதை. 1659 ஜூலை 2ஆம் திகதி காலித் துறைமுகத்துக்குள்ளேயே நங்கூரம் வழுக்கி, கரைக்கு அருகில் தரைதட்டி மூழ்கியது. 1993இல் அதன் உடல் கண்டுபிடிக்கப்பட்டது. 2001 தொடக்கம் 2004 வரை தண்ணீருக்கடியில் அகழ்ந்தார்கள். நங்கூரம் ஏன் வழுக்கியது என்று கேட்கும் பிள்ளைக்குத் துறைமுகத்தையே காட்டலாம். காலி விரிகுடாவின் வாய் தெற்கே திறந்து கிடக்கிறது, அடியில் பாறை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே கப்பல் நிற்பது எப்போதும் ஆபத்து. ஜூலை அந்த மாதங்களில் ஒன்று.

மாலை நாலு மணிக்குப் பிறகு மதில்மேல் ஏறலாம். நிலப்பக்கத்தில் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்ற பெயர்களில் மூன்று கொத்தளங்கள். போர்த்துக்கேயர் காலத்தில் நிலப்பக்கத்துக்கு மட்டுமே பெரிய மதில் இருந்தது. அவர்கள் பயந்தது இந்த நாட்டு அரசனுக்கு. 1640 மார்ச் மாதம் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர், தங்களைப் போலவே கடலால் வேறு ஐரோப்பியர் வருவார்கள் என்று நினைத்து முழுத் தீபகற்பத்தையும் சுற்றி மதில் கட்டினார்கள். ஒரு சுற்று மெதுவாக நடக்க ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். தெருக்களின் கீழே செங்கல்லால் கட்டிய வடிகால்கள் ஓடுகின்றன. கடலின் வற்றுப்பெருக்கே அவற்றைக் கழுவும்படி அமைத்திருந்தார்கள்.

மதிலைப் பற்றி நிதானமாகச் சொல்லவேண்டும். புனரமைத்த கோட்டை என்றால் 'பழையது போலப் பூசி வைத்திருக்கிறார்கள்' என்று பலர் நினைக்கிறோம். எதைக் கொண்டு பூசுகிறார்கள் என்பதில்தான் கோட்டையின் உயிர் இருக்கிறது. காலி மதிலில் கருங்கல்லும் முருகைக்கல் என்ற பவளப்பாறைக் கல்லும் கலந்து கிடக்கின்றன. நடுவில் சுண்ணாம்புச் சாந்து. கடலுப்பு காற்றோடும் மழையோடும் கல்லுக்குள் புகும், வெயிலில் ஈரம் வெளியேறும்போது உப்பும் மேற்பரப்புக்கு வந்து படிகமாகும். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, துளை உள்ளது. அதனால் ஈரம் சாந்து வழியாகவே வெளியேறி, உப்பின் அடியைச் சாந்து வாங்கிக்கொள்ளும். சில காலத்துக்கு ஒருமுறை அந்தச் சாந்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைத்தால் கல் அப்படியே இருக்கும். அவசரக்காரர் ஒருவர் சீமெந்தால் அடைத்துவிட்டால் கணக்கு மாறிவிடும். சீமெந்து ஈரத்தை விடாது. ஈரம் கல்லையே வழியாக்கிக்கொள்ளும். உப்பு கல்லின் முகத்தைப் பொடிப்பொடியாக உடைக்கும். சில பருவமழைக்குப் பிறகு பார்த்தால் சீமெந்துக் கோடுகள் மட்டும் எலும்புபோல முன்னே துருத்திக்கொண்டு நிற்கும், நடுவில் இருந்த கல் குழிந்திருக்கும். எந்தக் கோட்டையிலாவது எந்தக் கோயில் மதிலிலாவது இதைக் கண்டால் காரணம் இதுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சாம்பல் நிறப் பூச்சின் மேல் வெள்ளையாக உவர் பூத்திருப்பதும் அதே நோயின் முதல் அறிகுறி.

சுண்ணாம்பு வேலை பொறுமை கேட்கும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, சல்லடையில் வடித்து, களியாக வாரக்கணக்கில் ஊறப்போடவேண்டும். நீறாத துகள் இருந்தால் சுவரில் பூசிய பிறகு அது வெடித்துப் பூச்சைத் தள்ளிவிடும். ஒரு பங்கு களிக்கு மூன்று பங்கு ஆற்று மணல். கடல் மணல் கலந்தால் நோயை நாமே உள்ளே வைத்துப் பூட்டியதாகும். கல்லை முதலில் நன்றாக நனைக்கவேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஒரு தடவையில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பாகப் பூசினால் வெடிக்கும். பூசிய பிறகு நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது ஈரம் காக்கவேண்டும். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துத்தான், அதற்கு ஈரமும் நாளும் வேண்டும். வெயிலில் சுருக்கெனக் காய்ந்தது பிறகு விரலால் தொட்டாலே மாவாகும். இவை எல்லாம் நம் ஊர்ப் பழைய மேசன்மாருக்குத் தெரிந்த சங்கதி. பனங்கட்டித் தண்ணீரும் கடுக்காய் ஊறிய தண்ணீரும் சாந்தில் சேர்த்த பரம்பரை அது. அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போவதுதான் கோட்டைகளுக்கு இன்றைய மெய்யான முற்றுகை.

மதிலில் முளைக்கும் ஆலும் அரசும் இன்னொரு பகை. பார்க்க அழகாக இருக்கும். வேரைப் பிடித்து இழுத்தால் கல்லும் கூடவே வரும். மேலே வெட்டினால் மட்டும் இரட்டிப்பாகத் தளிர்க்கும். அடியோடு வெட்டி, கட்டையை மருந்திட்டுச் சாகவைத்து, வேர் உக்கிய வெற்றிடத்தைச் சுண்ணாம்புக் கரைசலால் நிரப்பவேண்டும். பிள்ளைகள் விளையாட்டாகச் செடியைப் பிடுங்க வந்தால் தடுத்துவிடுங்கள்.

அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. தென்மேற்குக் கரையில் முருகைக்கல்லை உடைத்துச் சூளையில் சுட்டார்கள். ஒல்லாந்தர் காலத்தோடு அது நிற்கவில்லை, நம் காலம் வரை வீடு கட்டவும் வெள்ளையடிக்கவும் தொடர்ந்தது. இப்போது சட்டம் தடுக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, முருகைக்கற்பாறைகள் உடைபட்டிருந்த கரைகளில் கடல் அதிக தூரம் உள்ளே வந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஹிக்கடுவைக்கு அருகே பெரலியவில் ரயிலோடு 1,500க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காலியில் கோட்டைக்கு வெளியே பஸ் நிலையமும் மைதானமும் நீரில் மூழ்கின. மதிலுக்குள் இருந்த நகரத்தைப் பெருமளவுக்கு அதே முருகைக்கல் மதில் காத்தது. அவொண்ட்ஸ்டர் பொருள்களைப் பேணிய ஆய்வுகூடம் துறைமுகப் பக்கத்தில் இருந்ததால் பாதிக்கப்பட்டது. திரும்பி வரும்போது கரையோரப் பாதையால் வந்து பெரலிய நினைவிடத்தில் ஐந்து நிமிடம் இறங்குங்கள். அங்கே விளக்கவுரை வேண்டாம். பிள்ளைகள் அமைதியாக நிற்கட்டும்.

பாதுகாப்புக்கு இரண்டு மூன்று சொல். காலி மதிலின் கடல்பக்க விளிம்பில் பல இடங்களில் கைப்பிடி இல்லை, கீழே பாறை. பின்னோக்கி நடந்து படம் எடுப்பதை அடியோடு தடைசெய்யவேண்டும். உயரத்திலிருந்து கடலில் குதித்துக் காட்டும் இளைஞர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் ஆசைப்படுவார்கள், அந்த இடத்தில் ஒரு ஆசிரியர் நிற்கட்டும். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், தொப்பி, வழுக்காத செருப்பு. மழை பெய்த நாளில் மதிலின் சரிவில் பாசி சறுக்கும்.

இந்தப் பயணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையில் கொழும்பிலேயே ஒரு வீட்டுப்பாடம் இருக்கிறது. கறுவாத்தோட்டத்திலுள்ள தேசிய அரும்பொருட்சாலையில் ஒரு கல்வெட்டு நிற்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1911இல் காலியில், வடிகாலுக்கு மூடியாகக் கிடந்த நிலையில் கண்டெடுத்தார்கள். அதன் தமிழ்ப் பகுதி தெனாவரைக் கோயிலின் தெய்வமான தெனாவரை நாயனாருக்குக் கொடுத்த பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்ற காணிக்கைகளைச் சொல்கிறது. தெனாவரை என்பது மாத்தறைக்குச் சில கிலோமீற்றர் கிழக்கேயுள்ள தேவுந்தரை. அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்தார்கள். காலியில் மதில் எழும்புவதற்கு முன்பே அந்தக் கரையில் வாணிபம் பேசிய மொழிகளில் ஒன்று தமிழ் என்பதற்கு இந்தக் கல் சாட்சி. தென்னிலங்கைக் கோட்டையில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் பிள்ளையை அந்தக் கல்லின் முன்னால் நிறுத்துங்கள். கொட்டாஞ்சேனைப் பக்கத்தவர்கள் வுல்பெண்டால் தேவாலயத்தையும் பார்த்துவிடலாம். 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த கட்டடம். அதன் சுவரின் தடிப்பைப் பார்த்துவிட்டுப் போனால் காலியில் ஒல்லாந்தர் கை உடனே அடையாளம் தெரியும்.

நம் நாவிலும் அந்தக் காலம் ஒட்டியிருக்கிறது. கந்தோர் ஒல்லாந்தச் சொல். கதிரை, அலமாரி, சாவி, ஏலம் போர்த்துக்கேயம். பயணத்தில் பஸ்ஸுக்குள் இந்தச் சொற்களைத் தேடும் விளையாட்டு வைத்தால் இரண்டு மணித்தியாலம் சத்தமில்லாமல் போகும்.

தொல்பொருள் திணைக்களத்துக்கும் மத்திய கலாசார நிதியத்துக்கும் கல்வி அமைச்சுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று. இந்த இரு கோட்டைகளுக்கும் தமிழில் நான்கு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்று தயாரித்துப் பாடசாலைகளுக்குக் கிடைக்கச் செய்யுங்கள். அதில் கோட்டையின் வரைபடம், கொத்தளம், அகழி, பண்டகசாலை, காவல்மாடம் என்ற உறுப்புகளின் தமிழ்ப்பெயர், மேலே சொன்ன எல்லை வரலாறு, சுண்ணாம்பு வேலையின் படிமுறை, ஆபத்தான விளிம்புகள் குறித்த எச்சரிக்கை ஆகியவை இருந்தால் போதும். ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், தமிழ் ஆசிரியர் ஒருவரும் கட்டடக்கலை தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதவேண்டும். அச்சுக்குப் போகும் முன் ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்து, அவர்கள் தடுக்கிய வரிகளைத் திருத்தவேண்டும். அது வரும்வரை, பயணம் ஒழுங்கு செய்யும் பாடசாலைகள் இக்கடிதத்தை வெட்டிப் பிரதி எடுத்துப் பயன்படுத்துவதில் எங்களுக்கு ஆட்சேபமில்லை.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசகர்கள் சிலர்,
கொழும்பு 13